பாட்டுத்தாளும் நண்டுக்காலும்

எங்கள் வீட்டுக் கொம்பியூட்டர் அடிக்கடி பழுதான அந்த ஒரு வருடம்தான் நாங்கள் நல்ல எருமைத் தயிர் சாப்பிட்ட வருடம். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால், ஒரு தொடர்பும் இல்லை என்று அடித்துச் சொல்லியிருப்பேன். எனக்குப் பத்து வயது. வகுப்பில் முதலாம் பிள்ளை. எனக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் அதிகம் மிச்சமில்லை என்ற எண்ணமும் இருந்தது.

மட்டக்களப்பில் வாவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் வீடு எங்களுடையது. சரியாகச் சொன்னால் அம்மாவுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துசேர வேண்டும். அப்பாவும் அப்படி வந்தவர்தான் என்பதைச் சண்டை வரும்போதெல்லாம் அம்மா ஞாபகப்படுத்துவார். அதே வளவில் இன்னொரு வீடு சுவர் மட்டும் எழும்பிக் கூரையில்லாமல் நின்றது. அது அம்மாவின் தங்கைக்கு, அதாவது என் சின்னம்மாவுக்கு. மாப்பிள்ளை சரிவந்ததும் கூரை போடுவதாக ஏற்பாடு. வந்த மாப்பிள்ளைகள் யாரையும் சின்னம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வரவேற்பறையாக வரவேண்டிய இடத்தில் ஒரு பப்பாசி மரம் முளைத்து, காய்க்கவும் தொடங்கிவிட்டது.

சின்னம்மா பாலர் பாடசாலையில் படிப்பித்தார். சனிக்கிழமைகளில் மாதா கோயில் பாட்டுக்குழுவுக்காக, மறுநாள் பூசையில் பாடும் பாட்டுகளை எங்கள் கொம்பியூட்டரில் அடித்துத் தாளில் எடுப்பார். இடப்பக்கம் ஆண்கள் பாடும் அடிகள், வலப்பக்கம் பெண்கள் பாடும் அடிகள். இரண்டு பத்தியும் பாய் பின்னியதுபோல நேராக இருக்கும். அந்தத் தாளில் ஒரு பிசகு வந்து யாரும் கண்டதில்லை.

பிசகு அப்பாவின் வடிவில் வந்தது. அவர் வேலைசெய்யும் கந்தோரில் யாரோ, எழுத்து வேலைக்கென்று இலவசமாகக் கிடைக்கும் புதிய புரோகிராம் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். சும்மா கிடைத்தால் அப்பா விடமாட்டார். பழையது இருக்கும்போதே புதியதையும் போட்டார். போடும்போது அது பல கேள்விகள் கேட்டது. இனிமேல் எல்லாக் கோப்புகளையும் நானே திறக்கட்டுமா என்பதும் அதில் ஒன்று. அப்பா எந்தக் கேள்விக்கும் 'ஓகே'யை அழுத்துகிறவர். அம்மாவிடம் பழகிய பழக்கம்.

அந்தச் சனிக்கிழமை சின்னம்மா அவசரத்தில் திரையைச் சரியாகப் பார்க்காமல் தாளை எடுத்துவிட்டார். புதிய புரோகிராமில் திறந்ததால் பத்திகள் இரண்டும் சரிந்து, ஒன்றின் வயிற்றுக்குள் மற்றது புகுந்திருந்தது. மறுநாள் பூசையில், பெண்கள் பாடவேண்டிய 'உம் பெண்மக்கள் வந்தோம்' என்ற அடியை முன்வரிசை ஆண்கள், மீசையும் தொப்பையுமாக, அடித்தொண்டையில் பக்தியோடு பாடினார்கள். பெண்கள் வாயைத் திறந்தபடி காத்திருந்தார்கள். நாங்கள் சிறுபிள்ளைகள் இருந்த வாங்குக்குக் கீழே குனிந்து சிரித்தோம். சின்னம்மா வீட்டுக்கு வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்படித்தான் பஸாரில் ஒரு கடையில் கொம்பியூட்டர் திருத்தும் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வரவேண்டி வந்தது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட அவருடைய ஊர். வயலும் எருமையும் உள்ள குடும்பம். பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மெலிந்த உடம்பு, எண்ணெய் வைத்து வாரிய தலை. வேலை இவ்வளவுதான்: பாட்டுத்தாளின் மேல் ரைட் கிளிக். எதைக்கொண்டு திறப்பது என்று ஒரு பட்டியல் வரும். பழைய புரோகிராமைத் தெரிவுசெய்து, எப்போதும் இதையே பயன்படுத்து என்ற வரிக்குப் பக்கத்திலுள்ள சின்னச் சதுரத்தில் சரி போடவேண்டும். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ஆனால் அதைச் சின்னம்மாவுக்கு விளங்கப்படுத்தி முடிக்க இரண்டு பிளேன்டீ தேவைப்பட்டது.

"மாமாவுக்குச் சீனி காணுமா எண்டு கேளு" என்று அம்மா குசினிக்குள் இருந்து சொன்னார். நானும் "மாமா, சீனி காணுமா?" என்று கேட்டேன்.

"மாமா எண்டு கூப்பிடாத புள்ள" என்றார் சின்னம்மா, முகத்தைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டு. "சேர் எண்டு கூப்பிடு."

வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவரே மாமாவாக இருக்கும்போது இவருக்கு மட்டும் என்ன மரியாதை என்று எனக்குப் பட்டது. ஆனால் சேர் என்றே கூப்பிட்டேன்.

அடுத்த கிழமை பாட்டுத்தாள் மறுபடியும் புதிய புரோகிராமில் திறந்து சரிந்து கிடந்தது. சேர் வந்தார். இம்முறை ஒரு சட்டித் தயிரும் வந்தது. வீட்டு எருமைத் தயிர், தன் அம்மாதான் கொடுத்துவிட்டார் என்றார். அதற்கடுத்த கிழமையும் கொம்பியூட்டருக்கு அதே வருத்தம், அதே வைத்தியம், அதே தயிர்.

"கொம்பியூட்டர் திருத்த வாறவன் தயிர் கொண்டுவாறான். தயிர்காரன் வந்தா ரேடியோ திருத்துவான்போல" என்று அப்பா சொல்லிவிட்டு, சோற்றில் தயிரைத் தாராளமாகவே போட்டுக்கொண்டார்.

எனக்கு இந்த வருத்தத்தின் மூலத்தைக் கண்டுபிடிக்கவேண்டும் என்று தோன்றியது. ஒரு பின்னேரம், யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் சின்னம்மா கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்ததைக் கதவு நீக்கலால் பார்த்தேன். ரைட் கிளிக் செய்தார். பட்டியல் வந்தது. புதிய புரோகிராமைத் தெரிவுசெய்து, சின்னச் சதுரத்தில் சரியும் போட்டார். பாட்டுகள் சரிந்து விழுந்தன. அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, அப்பாவின் போனை எடுத்து, "சேர், திரும்பவும் அப்பிடித்தான் இரிக்கு" என்றார்.

எனக்குச் சின்னம்மாவை நினைக்கப் பாவமாக இருந்தது. அவ்வளவு தரம் விளங்கப்படுத்தியும் எது பழையது எது புதியது என்று அவருக்குப் பிடிபடவில்லையே! படிப்பிக்கிற ஆள் வேறு. வெளியில் சொன்னால் வெட்கப்படுவார் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த நாட்களில் வீட்டில் வேறு ஒரு பேச்சும் நடந்துகொண்டிருந்தது. மன்னார்ப் பக்கத்தில் ஒரு வங்கி உத்தியோகத்தர், நம்மைப் போல வேதக்காரர், நல்ல குடும்பம். கோயில் திருநாள் முடிய பெண்பார்க்க வருகிறார்கள். சின்னம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒருநாள் குசினியில் அம்மா அப்பாவிடம் குரலைத் தாழ்த்தி, "படுவான்கரையில நமக்கு யார் இரிக்கா? அதுவும் சைவம். இது சரிவருமா சொல்லுங்க" என்றார். தயிரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். நல்ல தயிருக்கு என்ன சைவம், என்ன வேதம் என்று எனக்குள் அம்மாவுக்குப் பதிலும் சொன்னேன்.

திருநாளுக்கு முந்திய கிழமை, பாட்டுத்தாள் வழக்கம்போலச் சரிந்து கிடந்தது. திருநாள் பாட்டு சரிந்தால் சின்னம்மா மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டு அழுவார் என்று எனக்குப் பயம். சின்னம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து நானே மௌஸைப் பிடித்தேன். ரைட் கிளிக், பட்டியல், பழைய புரோகிராம், சின்னச் சதுரம். பத்திகள் இரண்டும் நேராக எழும்பி நின்றன. அதோடு நிற்காமல், கொம்பியூட்டரில் அந்தப் புதிய புரோகிராமைத் தொடாதீர்கள் என்று ஒரு மட்டையில் எழுதித் திரையின் தலையில் ஒட்டிவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டில் விஷயத்தை அறிவித்தேன். அம்மாவின் முகம் மலர்ந்துபோனது. "எண்ட புள்ள! கெட்டிக்காரி. இனி அந்தக் கொம்பியூட்டர்காரன் வரத் தேவல்ல. ஞாயிற்றுக்கிழமை நண்டு எடுப்பம். பெரிய கால் உனக்குத்தான்."

சின்னம்மா என் தலையைத் தடவி, "கெட்டிக்காரிதான்" என்றார். பிறகு, பசியில்லை என்று சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார். நன்றி சொல்லத் தெரியாதவர்கள் என்று பெரியவர்களைப் பற்றி எனக்கு ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் உண்டு. அது உறுதியானது.

அம்மா போனில் இலக்கத்தை அழுத்தி என் கையில் தந்தார். "நீயே சொல்லு."

"சேர், நீங்க இனி வரத் தேவல்ல. நானே சரிபண்ணிட்டன்."

அவர் மெதுவாக, "மகள், அது நிக்காது. நான் ஒருக்கா வந்து பாக்கிறன்" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தோம். குசினியில் நண்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. முற்றத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம். அம்மா சட்டியை மூடினார். நண்டு வீட்டு ஆட்களுக்கான கறி என்பது அம்மாவின் சட்டம். கடித்து, உறிஞ்சி, கை முழங்கை வரை குழம்பு வழியச் சாப்பிடும் சாமானை வெளி ஆட்களுக்கு வைக்கக் கூடாது. அவர்களுக்குக் கோழி. நண்டு அடுப்பில் இருக்கும்போது யாராவது வந்தால், அவர்கள் போகும்வரை சட்டி மூடியே இருக்கும்.

சேர் தயிர்ச்சட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். என் மட்டையை வாசித்தார். நான் பக்கத்தில் நின்று, "பாருங்க" என்று பாட்டுத்தாளைத் திறந்து காட்டினேன். பத்திகள் இரண்டும் நேராக நின்றன. அதற்குமேல் அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அப்பா பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தார், வாசிக்கவில்லை. சின்னம்மா யன்னலோரம் நின்று சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வாசற்படியில் அகப்பையோடு அம்மா.

சேர் திரையைப் பார்த்தபடியே இருந்தார். அவருடைய காது சிவந்திருந்தது. பிறகு என் கையிலிருந்து மௌஸை வாங்கினார். ரைட் கிளிக் செய்தார். பட்டியலில் புதிய புரோகிராமைத் தெரிவுசெய்தார். எங்கள் எல்லோருக்கும் முன்னால், அந்தச் சின்னச் சதுரத்தில் சரியும் போட்டார். திறந்தார். திருநாள் பாட்டுகள் சரிந்து ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன.

"பாத்தீங்களா" என்றார், யாரையும் பார்க்காமல். "நிக்காது எண்டு சொன்னன்தானே."

சின்னம்மா சிரித்தார். முதலில் வாயைப் பொத்தி, பிறகு பொத்த முடியாமல், யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அப்பாவின் பேப்பர் ஆடியது.

"இல்ல அம்மா! அவர்தான் பழுதாக்கினவர்! நான் பாத்தன்!" என்று நான் கத்தினேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. தங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யன்னலுக்கு அப்பால் கூரையில்லாத அந்தச் சுவர்களைப் பார்த்தார். குசினிக்குள் போனார். சட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"தம்பி, இருந்து சாப்பிட்டுப் போங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நண்டுதான் கிடக்கு. கையால உடைச்சுத்தான் தின்னவேணும்."

அம்மா அவரைத் தம்பி என்று கூப்பிட்டது அன்றுதான். மேசையில் எல்லோரும் இருந்தோம். அம்மா அகப்பையால் துழாவி, சட்டியிலேயே பெரிய காலை எடுத்தார். நான் கோப்பையை நீட்டினேன். கால் என் கோப்பையைத் தாண்டிப் போய்ச் சேரின் சோற்றில் இறங்கியது.

"அது எண்ட கால்!"

அவர் பதறிப்போய் அதை எடுத்து என் பக்கம் நீட்டினார். "நீங்க தின்னுங்க தம்பி. அவளுக்கு எப்பவும் கிடைக்கும்தானே" என்றார் அம்மா.

"இனி கிடைக்குமா எண்டு பாப்பம்" என்றார் அப்பா.

சரிசெய்தவளுக்குப் பருப்பு, பழுதாக்கியவருக்கு நண்டுக்கால். இதுதான் நியாயமா என்று கோயிலில் இருக்கிற மாதாவையே கேட்கவேண்டும் என்று இருந்தது. சேர் எனக்குச் சித்தப்பாவாகி இத்தனை வருடங்களுக்குப் பிறகும், வீட்டில் நண்டு என்றால் அந்தக் கணக்கை நான் எடுக்காமல் விடுவதில்லை. பெரிய காலை அவரே எடுத்து என் கோப்பையில் வைத்துவிட்டுத்தான் சாப்பிடத் தொடங்குவார்.

ஆனால் அன்று எனக்கு ஆறவில்லை. கை கழுவிய கையோடு போய், பாட்டுத்தாளை மறுபடியும் பழைய புரோகிராமுக்கு மாற்றி, சதுரத்தில் சரி போட்டேன். அழகாகத் திறந்தது. வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. தேடிக்கொண்டு வெளியே போனால், எல்லோரும் கூரையில்லாத வீட்டுக்குள் நின்றார்கள். வெறும் சுவர்களுக்கு மேலே வெளிச்சமான வானம். சின்னம்மா வாசல் வரவேண்டிய இடத்தில் சாய்ந்து நின்றார். அப்பா பப்பாசி மரத்தில் கை வைத்துக்கொண்டு, "இதைத் தறிக்கிறதா, விடுறதா? நீங்க சொல்லுங்க தம்பி" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சேர் அண்ணாந்து மரத்தைப் பார்த்து, பெரிய பொறுப்போடு யோசித்துக்கொண்டிருந்தார்.

ஒரு கொம்பியூட்டரையே ஒழுங்காகத் திருத்தத் தெரியாத ஆளிடம் போய் எங்கள் வளவு மரத்தைப் பற்றி அப்பா ஏன் கேட்கிறார் என்பது மட்டும் எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.