விராலுக்குப் புண் வந்த மார்கழி

2005-ஆம் ஆண்டு, பெருமழை ஓய்ந்த மார்கழி. வேலை மாற்றலாகிப் புதுச்சேரிக்கு வந்து, லாஸ்பேட்டையில் ஒற்றை அறையில் இருந்தேன். பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் திருநெல்வேலியிலேயே தங்கிவிட்டது. வார நாட்கள் அலுவலகத்தில் எப்படியோ ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் ஆளைக் கொல்லும்.

அதிலிருந்து தப்பிக்கத்தான் உழவர்கரைக்கு அப்பால் ஓர் ஏரிக்கரையில் தூண்டில் போடப் பழகினேன். பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர் வந்து உட்காருவார். மனதுக்குள் அவரைப் 'பாய்' என்றே கூப்பிடுவேன். சட்டையில் ஒட்டியிருக்கும் நூலைப் பார்த்து, தையல்காரர் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். பேச்சுச் சத்தத்துக்கு மீன் விலகிவிடும் என்று இருவரும் வாயே திறப்பதில்லை. வரும்போது ஒரு தலையசைப்பு, போகும்போது ஒன்று. அந்த ஊரில் எனக்கிருந்த துணை அவ்வளவுதான்.

அந்த மார்கழியில் விரால்கள் சிவந்த புண்ணோடு மிதக்க ஆரம்பித்தன. பிறகு கெண்டைக்கும் வந்தது. மீன்துறை ஆட்கள் வந்து பார்த்து, மழைவெள்ளத்தோடு நோயும் ஏரிக்கு ஏரி போகிறது, இங்குள்ள மீனை வேறெங்கும் கொண்டுபோய் விடாதீர்கள் என்றார்கள். தூண்டில்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

பாயும் வராமல் போய்விட்டால்? பெயர் தெரியாது, வீடு தெரியாது. எங்கே போய்த் தேடுவேன்?

அடுத்த ஞாயிறு நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு போனேன். நோயில் கிடக்கும் மீனைக் கொக்கியில் மாட்ட மனம் வரவில்லை. புழுக் குத்தாமலே தூண்டிலைப் போட்டு உட்கார்ந்தேன். வெயில் ஏறியும் கரையில் நான் ஒருவன்தான். அழுகையே வந்துவிட்டது.

அப்போது சைக்கிள் சத்தம். பாய்! வழக்கமான இடத்தில் உட்கார்ந்து அவரும் தூண்டிலைப் போட்டார்.

வெகுநேரம் கழித்து நான் தூண்டிலைத் தூக்கியபோது, முதல் முறையாகப் பேசினார்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. கொக்கியில புழுவே இல்லியே?"

வெட்கமாகப் போய்விட்டது. "சும்மா உட்காரலாம்னுதான் வந்தேன் பாய்," என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே தன் தூண்டிலைத் தூக்கிக் காட்டினார். அதுவும் வெறும் கொக்கி.

"வூட்டுக்காரி மவுத்தாயி ரெண்டு வருசமாவுது சார். அவ போனதுலேர்ந்து வூட்ல நான் ஒண்டிதான். மீனு இல்லன்னா நீங்களும் வரமாட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

அன்று பொழுது சாயும்வரை பேசித் தீர்த்தோம். இப்போதெல்லாம் யாரையாவது பார்க்க மனம் ஏங்கினால் நான் சாக்கு தேடுவதில்லை. 'உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்' என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறேன்.