ஆரணி முந்தானையில் ஏழு காட்டுநாய்கள்

மகள் கயலுக்குத் தை மாதம் கல்யாணம். முகூர்த்தப் புடவையின் முந்தானையில் மயில் வேண்டாம், ஆப்பிரிக்கக் காட்டுநாய்கள்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். கால்நடை மருத்துவர், ஜாம்பியாவில் ஆறு மாதம் அந்த நாய்களின் பின்னால் அலைந்துவிட்டு வந்தவள். கல்யாணப் புடவையில் நாயா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். ஆனாலும் அவள் எடுத்த படத்தை ஆரணிக்கு அனுப்பினேன். முந்தானை நெய்வதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று தறிக்காரர் தேவராஜ் கூப்பிட்டதால், கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம்.

காலை 5.40க்குச் சென்னையில் பஸ் ஏறினோம். ஏறத்தாழ 140 கிலோமீட்டர், 9.35க்கு ஆரணி. வழியெல்லாம் கயல் வாயை மூடவில்லை. ஒரு நாயின் உடம்பில் இருக்கும் புள்ளி இன்னொன்றுக்கு இருக்காதாம். வேட்டைக்குக் கிளம்பலாமா என்பதைத் தும்மித் தும்மியே முடிவு செய்யுமாம். இரை கிடைத்தால் குட்டிகள்தான் முதலில் தின்னும். பெரியவை சுற்றி நின்று காவல் காக்கும். அவள் படத்தில் ஏழு நாய்கள். கடைசியாக வரும் பெண் நாய்க்கு முன்னங்கால் வளைந்திருக்கும். அதனால் வேட்டைக்கு ஓட முடியாது. மற்றவை தின்றுவிட்டு வந்து, அதன் முன்னால் கறியைக் கக்கிக் கொடுக்கும்.

“கல்யாணத்துக்கு வர்றவங்க இதைக் கேட்டா சாப்பாடு இறங்காது,” என்றேன். அவள் சிரித்தாள்.

பஸ் நிலையத்தில் இட்லி, வடை. அங்கிருந்து முள்ளிப்பட்டுக்கு ஆட்டோ 150 ரூபாய். தறியில் ஏற்றப்போகும் பாவு நூலைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்ததால் தெருமுனையிலேயே இறங்க வேண்டியதாயிற்று. வழக்கம்போல் நான் விறுவிறுவென்று முன்னால் நடந்தேன்.

தேவராஜ் தறியை விட்டு எழுந்து வந்தார். துளையிட்ட அட்டைகள் தறிக்கு மேலே மாலையாகத் தொங்கின. எந்த இழை எழும்ப வேண்டும் என்று சொல்பவை அவைதான்.

“யானை, அன்னம்லாம் நெய்திருக்கேன் சார், நாய் இதான் மொத தபா,” என்று கணினியில் வரைந்த படத்தைக் காட்டினார். ஏழு நாய்களும் கம்பீரமாக ஓடின. ஏழாவதன் காலும் நேராக இருந்தது.

“மொகூர்த்தப் பொடவைங்க. அதுல நொண்டி வேணாம்னு நான்தான் காலை நேராக்கச் சொன்னேன்.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. மண்டபத்தில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று. திரும்பினால், வாசலில் கயல். ஒன்பது வயதில் அவளுடைய வலது கால் உடைந்தது. இன்றும் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பாள். அன்று ஸ்கூட்டரை ஓட்டியவன் நான்.

தேவராஜ் அவள் நடையைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. “தப்பா எடுத்துக்காதம்மா, நல்லதுக்குன்னு...”

“பரவால்லைண்ணா. ஆனா அது அந்தக் காலோடதான் அந்தக் கூட்டத்துல இருக்கு. அதை நேராக்கினா அது வேற நாய்.”

நான் தேவராஜ் பக்கம் திரும்பினேன். “காலைப் பழையபடியே போடுங்க,” என்றேன். இதைச் சொல்ல எனக்கு இருபது வருடம் ஆகியிருக்கிறது.

நூல் சுற்றிக்கொண்டிருந்த தேவராஜின் மனைவி செல்வி தலையைத் தூக்கினார். “அது பின்னால வந்துகினு இருக்குது, மத்ததுங்க பாட்டுக்கு ஓடிகினு இருந்தா எப்படி? முன்னால போறதுல ஒண்ணு திரும்பிப் பாக்கட்டுமே.”

கயல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அட்டைகளை மாற்றிக் குத்த நான்கு நாள் கூடுதலாகும் என்றார் தேவராஜ். ஆகட்டும் என்றோம்.

நீங்களும் சொந்தப் படம் கொடுத்து நெய்யச் சொல்வதாக இருந்தால், மூன்று மாதம் முன்னதாகவே கொடுங்கள். அட்டை குத்துவதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். எதைச் சரிசெய்யக் கூடாது என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். தறிக்காரர் கண்ணுக்குக் கோணல் பொறுக்காது. காலையில் போனால் தெருவில் பாவு இருக்கும், நடக்கத் தயாராகப் போங்கள்.

திரும்பும்போதும் நான்தான் முன்னால் நடந்தேன். பாதித் தெருவில் நின்று திரும்பிப் பார்த்தேன். கயல் மெதுவாக வந்துகொண்டிருந்தாள்.

“என்னப்பா,” என்றாள் சிரித்துக்கொண்டே, “உங்களுக்கும் அட்டையை மாத்திட்டாங்களா?”