வெறுங்காலும் கிளினிக் கொப்பியும்

கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முருகனோடு வியாபாரம் பேசத்தான் போகிறார்கள். வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. தேற்றாத்தீவிலிருந்து பத்து நாள், ஆனிமாத வெயிலில், ஒரு கூட்டத்தோடு நடந்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா தன் மகனுடைய கனடா விசாவுக்காக நடந்தா. விசா வந்தால் அடுத்த வருசம் வெள்ளி வேல், வராவிட்டால் ஒன்றுமில்லை என்று முருகனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாவாம். வேல் தூக்கி முன்னால் போன தலைவர் இன்னும் பெரிய ஆள். ஊர் முகப்பு வந்தால் படம் எடுக்கச் சொல்லிப் போனை ஆரிடமாவது கொடுப்பார், காவி வேட்டியை உதறிக் கட்டுவார், போன் உயர்ந்ததும் தொண்டை கிழிய அரோகரா போடுவார். போன் இறங்கினால் அரோகராவும் இறங்கிவிடும். வெயில் ஏறமுதல் நடந்து முடிக்க வேணும் என்பது குழந்தைக்கும் தெரியும். இந்த மனிசனுக்குப் படம் எடுக்க விடியக்காலை வெளிச்சம் காணாதாம். அதனால் நாங்கள் நடுப்பகல் தாரில் வெந்தோம். அக்கரைப்பற்றில் ஒரு முஸ்லிம் கடைக்கார காக்கா எங்கள் கால் சுடாமலிருக்க வாளி வாளியாக ரோட்டில் தண்ணி ஊற்றினார். தலைவர் அவரை நிறுத்தி, படம் சரியாக வரவில்லை, திரும்ப ஒருக்கா ஊற்றச் சொன்னார். கண்றாவி.

எனக்கு இவர்களெல்லாரையும் விட ஆகாதவர் ஒருத்தர் இருந்தார். சித்தாண்டியிலிருந்து வந்த மேசன், அறுபது வயதிருக்கும். முருகன் கோயிலடியில் பிறந்து வளர்ந்த ஆள், ரப்பர் செருப்போடு யாத்திரை வந்திருந்தார். நடைப்பயணத்தில் ஆளையாள் சாமி என்றுதான் கூப்பிடுவோம். நான் அவரைச் செருப்புச் சாமி என்றேன், அவர் காதில் விழும்படியாகவே. அவர் சிரித்துவிட்டு நடப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

என் நேர்த்திக்கடன் வெறுங்காலோடு நடப்பது. என் மனிசிக்கு இடது மார்பில் ஒரு கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேணும் என்று ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமைக்குத் திகதி போட்டிருந்தார்கள். அந்தத் திங்கள் நாங்கள் யாலக் காட்டுக்குள் நிற்கும் நாள். தவறவிட்டால் அடுத்த திகதி ஒன்றரை மாதத்துக்குப் பிறகுதான் என்று நர்ஸ் மிஸி சொன்னா. நான் வீட்டுக்கு வந்து யோசித்து, கந்தனுக்குச் சொன்ன வாக்கை முதலில் முடிப்பம், மறுகா கிளினிக்குக்குப் போவம் என்றேன். மனிசி திகதி எழுதின கிளினிக் கொப்பியைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தா. எனக்கு அது பக்தியாகத்தான் பட்டது.

மற்றவன் விசாவுக்கும் காணி வழக்குக்கும் நடக்க, நான் ஒரு உயிருக்காக நடக்கிறேன் என்ற தலைக்கனம் எனக்கு நிறைய இருந்தது. காலைப் பற்றியும் பெருமைதான். முப்பது வருசம் வவுணதீவு வட்டையில் செருப்பில்லாமல் வயல் செய்த கால் இது. ஆனால் சேற்றில் பழகிய காலுக்குத் தார் தெரியாது. மூன்றாம் நாளே குதி வெடித்தது. பாணமைக்கு அங்கால் கிறவல் ரோட்டில் முள்ளொன்று ஏறி உள்ளே முறிந்தது. உகந்தையில் காட்டு வாசலுக்குள் போகும்போது நொண்டினேன். ஆரும் கேட்டால் நரம்பு பிரண்டுவிட்டது என்றேன்.

காட்டுக்குள் போன பிறகு திரும்ப வழியில்லை. வாகனம் இல்லை, போனில் சிக்னல் இல்லை, ஆறு கண்ட இடத்தில்தான் தண்ணி. கும்புக்கன் ஆற்றங்கரையில் கால் பூசணிக்காயாக வீங்கிக் கிடக்க, மருத மரத்தடியில் படுத்திருந்தேன். கூட்டம் குளிக்கப் போய்விட்டது. செருப்புச் சாமிதான் வந்து உட்கார்ந்தார். கேட்காமலே என் காலைத் தூக்கி மடியில் வைத்து, உப்புத் தண்ணியில் கழுவி, ஊசியால் முள்ளை நோண்டத் தொடங்கினார். வலி தெரியாமலிருக்கப் பேச்சுக் கொடுத்தார். என்ன நேர்த்தி என்று கேட்டார். சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே.

"கிளினிக் எப்ப?" என்றார்.

"இண்டைக்குத்தான்" என்றேன்.

ஊசி ஒரு கணம் நின்றது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து முள்ளை எடுத்து முடித்து, அதைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"எங்கட மனிசிக்கும் உதுதான். முதல்ல வெட்டி எடுத்தாங்க. ஆள் எழும்பி நடந்த பிறகுதான் நான் கும்பிட வெளிக்கிட்டன்" என்றார். தனக்குச் சீனி வருத்தம், காலில் காயம் பட்டால் ஆறாது, அதனால்தான் செருப்பு என்றும் சொன்னார். பையிலிருந்து இன்னொரு சோடி எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு அவரிலும் எனக்குக் கோபம்தான். இவர் ஆர் எனக்குப் படிப்பிக்க? அடுத்த நாள் மணல்வெளி வந்தது. சட்டியில் கடலை வறுக்கிற சூடு. நூறு அடி நடந்தேன். மறுகா அந்தச் செருப்பைப் போட்டேன். மனிசியின் உயிரைக் காட்டி நான் சொன்ன வாக்கு, என் உள்ளங்கால் சுட்டதும் போய்விட்டது. விசா அக்கா கடைசிவரை வெறுங்காலோடுதான் நடந்தா.

கதிர்காமத்துக்குக் கிட்ட வந்ததும் செருப்பைக் கழற்றிப் பைக்குள் ஒளித்தேன். மாணிக்க கங்கையில் இறங்கி, எல்லாருக்கும் கேட்க அரோகரா போட்டேன். தலைவரை விடப் பலமாகவே போட்டேன். கரையேறினதும் போனில் சிக்னல் வந்தது. வீட்டுக்கு எடுத்தேன்.

மனிசிதான் கதைத்தா. கால் எப்படி, சாப்பாடு கிடைத்ததா என்று எல்லாம் விசாரித்தா. நான் காலைப் பற்றி வாய் திறக்கவில்லை. வந்த உடனே கிளினிக்கில் புதுத் திகதி கேட்பம் என்று தொடங்கினேன்.

"நான் திங்கட்கிழமை போயிற்று வந்திட்டன். சதை எடுத்தாச்சு. வாற திங்கள் முடிவு சொல்லுவாங்களாம்" என்றா.

தனியாகவா போனாய் என்று கேட்டேன். பஸ்ஸில் போனாவாம். நான் வெளிக்கிட்ட அன்றைக்கே கொப்பியைப் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டாவாம்.

திங்கட்கிழமை கட்டாயம் நான் கூட வாறன் என்றேன்.

"வேணாம், தங்கச்சியக் கேட்டிட்டன், அவ வாறா. நீங்க அங்க தீர்த்தத் திருவிழாவும் பாத்துப்போட்டு ஆறுதலா வாங்க."

அந்தக் குரலில் கோபம் துளிகூட இல்லை.