மல்லாந்து படுக்கச் சொன்னேன்

கல்லூரியில் முப்பத்தோரு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

என் மனைவிக்கு இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். மல்லாந்து படுத்தால் விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அளவு எண்பத்தாறு என்று காட்டும். குப்புறப் படுக்கவைத்து மார்புக்கும் இடுப்புக்கும் தலையணை கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் தொண்ணூற்று நான்குக்கு ஏறிவிடும். நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம் இருக்கிறது, மல்லாந்தால் இதயமும் வயிறும் அதை அமுக்கும், அங்கே ரத்தம் போகும், காற்று போகாது என்று நர்ஸ் விளக்கினாள். நான் தலையாட்டியதோடு நிற்காமல், புவியீர்ப்பைப் பற்றி அவளுக்கே நாலு வார்த்தை சொன்னேன்.

மூன்றாம் நாள் பகலில், கொட்டாம்பட்டியிலிருந்து அண்ணனும் மதினியும் வந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்ததும் எனக்குப் பதற்றம். கணவனின் அண்ணன் வந்தால் எழுந்து நிற்கும் வழக்கமுள்ள குடும்பம் எங்களுடையது. இவளோ ஆஸ்பத்திரி அங்கியில் பின்புறத்தைக் காட்டிக் குப்புறக் கிடந்தாள். எனக்குக் கூசியது.

"அண்ணன் வாராரு. திரும்பிப் படு."

"இப்படிக் கெடந்தாத்தாங்க மூச்சு வருது."

"அஞ்சு நிமிஷம்தான?"

திரும்பினாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

"காளவாசல் டிராஃபிக்லயே அரை மணி நேரம் நின்னுட்டோம்ப்பா" என்றபடி அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். "என்னத்தா, இம்புட்டு எளச்சுட்ட?"

அவள் மாஸ்க்கை விலக்கி, "வாங்க மச்சான். சாப்டீங்களா?" என்றாள்.

அண்ணன் போர்வெல் கதையை ஆரம்பித்தார். எண்பத்தொன்பது. எண்பத்தாறு. எண்பத்திரண்டு. கருவி கத்தத் தொடங்கியது.

"என்னப்பா அது?"

"அது சும்மா கத்தும்ணே" என்று சொல்லி, சத்தத்தை நிறுத்தும் பட்டனை அழுத்தினேன். இரண்டு முறை.

அரை மணி நேரம் கழித்து நர்ஸ் உள்ளே வந்தாள். "யாரு இவங்கள மல்லாத்திப் போட்டது? என்ன, பொண்ணு பாக்கவா வந்துருக்கீங்க? எந்திரிங்கண்ணே!"

அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு அதுதான் பெரிய வருத்தமாக இருந்தது. அவளை மறுபடி குப்புறப் போட்டார்கள். இந்த முறை எண் ஏறவில்லை. மாலையில் ஐசியுவில் தொண்டைக்குள் குழாய் வைத்தார்கள். அதன்பின் அவள் பேசவில்லை. நான்கு நாளில் போய்விட்டாள்.

எப்படியும் நடந்திருக்கலாம் என்றார் டாக்டர். இருக்கலாம்.

பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள், அன்று அம்மா மல்லாந்து கிடந்ததைக் கேள்விப்பட்டு, "யாருப்பா அப்படிப் போட்டது?" என்று கேட்டாள்.

"நர்ஸ் கவனிக்கலம்மா" என்றேன்.

மகள் நேராக வார்டு வராந்தாவுக்குப் போனாள். எல்லோர் முன்னாலும் அந்த நர்ஸைப் பிடித்துக் கத்தினாள். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "சாரே சொல்லட்டும்" என்றாள்.

நான் மகளின் கையைப் பிடித்து லிஃப்ட் பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தேன்.