எள்ளுப்பூ யாருக்கு?

நேற்று மருமகள் ஒரு தேன் பாட்டில் வாங்கி வந்தாள். லேபிளில் எள்ளுப்பூப் படம். பார்த்ததுமே எனக்கு வயிறு எரிந்தது. சர்க்கரை வியாதியால் அல்ல, சரோஜாவின் ஞாபகத்தால்.

குடவாசல் பக்கம் ஒரு கிராமத்தில் நான் டீச்சராகச் சேர்ந்த புதிது. அரசாங்கம் எனக்கும் பக்கத்து வீட்டு சரோஜாவுக்கும் ஆளுக்கொரு தேனீப் பெட்டி கொடுத்தது. படித்தவள் நான், தேன் என்னவோ அவள் பெட்டியில்தான் வழிந்தது. நான் வாரத்துக்கு நாலு தடவை பெட்டியைத் திறந்து பார்த்தால் எந்தக் குடும்பம் நிம்மதியாக இருக்கும்? இது இப்போது புரிகிறது. அப்போது நான் கண்ட காரணம் வேறு. என் பக்கம் ஒரு முருங்கை, ஒரு புங்கமரம். புங்கம் பூக்கச் சித்திரை ஆகும். அவள் கொல்லையை ஒட்டியோ ஒரு வயல் முழுக்க எள்ளு.

அது அவள் புருஷன் குத்தகைக்கு உழுத வயல். குத்தகைக்காரர் பெயரைப் பதியச் சட்டம் வந்திருந்த நேரம். நிலத்துக்குச் சொந்தக்காரரான கும்பகோணத்து மிராசுதாரோ, நிலம் தரிசு, குத்தகைக்காரனே கிடையாது என்று சாதித்தார். அதிகாரி வந்து எள்ளுப் பயிரைக் கண்ணால் பார்த்தால் போதும், சரோஜா வீட்டுக்காரர் பெயர் ஏறிவிடும்.

பங்குனியில் பூத்தது. பூவுக்குள் தலையை விட்ட தேனீக்கள் நெற்றியில் விபூதி பூசிய மாதிரி மகரந்தத்தோடு வரும். அத்தனையும் அவள் வீட்டுக்கே போவதாக நினைத்துப் புழுங்கினேன்.

தை மாத நெல்லறுப்புக்குப் பிறகு அந்தப் பக்கமே வராத மிராசுதாரின் காரியஸ்தர், ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்தித் தண்ணீர் கேட்டார்.

"பெட்டியில தேன் உண்டா டீச்சர்?"

"எங்கேங்க? எள்ளுப்பூ பூரா சரோஜா வேலி ஓரமால்ல இருக்கு!"

"எந்த எள்ளு?"

வாய் சும்மா இருந்ததா? கையை வேறு நீட்டிக் காட்டினேன்.

மறுநாள் காலை மிராசுதாரின் டிராக்டர் வந்து பூவோடு மடக்கி உழுதுவிட்டுப் போனது. இரண்டு நாள் கழித்து வந்த அதிகாரி, பயிர் இல்லை என்று எழுதிக்கொண்டார். அந்த வாரமே சரோஜாவின் தேனீக்கள் பெட்டியை விட்டுப் போய்விட்டன. என்னுடையவையும்தான். இரண்டு பெட்டியும் பிழைத்தது ஒரே வயலில் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசித் தேனில் ஒரு டம்ளர் கொண்டுவந்தாள் சரோஜா. "உங்க பெட்டியும் காலியாயிடுச்சே டீச்சர். எவ்ளோ ஆசையாத் தெறந்து தெறந்து பாத்தீங்க!"

வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்லவில்லை.

குத்தகை நிலம் கைவிட்டுப் போனதால், ஆடியில் அவர்கள் பிழைப்புத் தேடித் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். இப்போது அந்த வயலில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள், புங்கமரமும் இல்லை. அன்று பஸ் ஏறும்போது சரோஜா சொன்னாள்: "யாரோ சொல்லிட்டாங்க டீச்சர். போறாங்க, நல்லா இருக்கட்டும்." அப்படி ஒரு மனசு அவளுக்கு வாய்த்ததே என்றுதான் இன்றும் எனக்குப் பொறாமை.