உயிரோடு வந்தவனின் கல்வெட்டு

எங்கள் அத்தான் ஆழ்வாப்பிள்ளைக்குக் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர் வேலை. ஆனால் ஊரில் யாரும் அவரை அதற்காகத் தேடி வந்ததில்லை. செத்தவீடு நடந்தால் அவருடைய வாசல் படலையில் ஆள் நிற்கும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்குப் பாட்டு வேண்டும், முதல் பக்கத்தில் திதி வெண்பா வேண்டும். செத்த ஆண்டு, மாதம், பிறை, திதி எல்லாவற்றையும் நாலு வரிக்குள் அடக்கி, கடைசி வரியைக் குறுக்கி, டக்கென்று மூடிவிடுவார். என் அக்காவின் புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த வேலையில் அவரை வெல்ல ஆளில்லை. அதில் அவருக்கிருந்த தலைக்கனமும் கொஞ்சமில்லை.

எண்பத்தைந்தில் மயிலிட்டி முருகேசுவின் வள்ளம் திரும்பவில்லை. உடைந்த பலகைதான் கரைக்கு வந்தது. மாதக் கணக்கில் பார்த்துவிட்டுச் சாத்திரியார் அவன் செத்த நாளென்று ஒரு நாளைக் குறித்தார். தர்ப்பையால் உருவம் செய்து எரித்தார்கள். அவன் பெண்சாதி தங்கமுத்துவின் தாலியைக் கழற்றினார்கள். அத்தான் வெண்பா எழுதினார். "சென்றான் சிவனடிக் கே" என்று முடியும். கேட்டவர்கள் எல்லாருக்கும் ஒரே தரத்தில் பாடமாகிவிட்டது.

அடுத்த மாசியில் முருகேசு நடந்து வந்தான். இந்தியக் கரையில் ஒதுங்கி, அங்கே காவலில் கிடந்து, ஏதோ ஒரு வள்ளத்தில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறான். அழுகையும் சிரிப்புமாக ஊர் கூடியது. தாலி திரும்பவும் ஏறியது. எந்தக் கோதாரியில் போவானோ, ஒருவன் பகிடிக்கென்று கல்வெட்டை அவன் கையில் கொடுத்துவிட்டான்.

முருகேசுவும் முதலில் சிரித்தானாம். பிறகு சிரிக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். சொந்தப் படலையில் நின்று, "உள்ளுக்கு வரலாமோ?" என்று கேட்பான். கடலுக்குப் போவதையும் விட்டான். ஒருநாள் அத்தானிடம் வந்தான்.

"அண்ணை, அந்தப் பாட்டை எடுத்துப் போடுங்கோ."

"புத்தகத்தைக் கிழிச்செறி."

"கிழிச்சாச்சு. பாட்டுப் போகுதில்லையே! தங்கமுத்துக்குப் பாடம், அயலுக்கெல்லாம் பாடம். படுத்தா அந்தக் கடைசி வரி வந்து எனக்கு மேலை மூடுது. நான் உள்ளுக்குக் கிடக்கிறன்."

அவன் திரும்பி வந்ததைப் பற்றி அத்தான் இன்னொரு வெண்பா எழுதி வாசித்தார். முருகேசு கேட்டுவிட்டு, "உதிலையும் கடைசியிலை மூடுறியள் அண்ணை" என்றான். அத்தானுக்கு முகம் செத்துவிட்டது.

நான் அப்போது நல்லூரில் ஒரு ரியூட்டரியில் இங்கிலீஷ் இலக்கியம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். விக்டோரியா மகாராணி காலத்துப் பாட்டொன்று பாடத்தில் இருந்தது. கடலுக்குப் போனவனின் பெண்சாதி சொல்வதாக வரும். நாலு நாலு வரி. மூன்று நீளம், நாலாவது குட்டை. முதல் வரியின் கடைசி ஓசை இரண்டு வரி காத்திருந்து நாலாவதில்தான் தன் சோடியைச் சேரும். ஓசை சேர்ந்தாலும் வசனம் முடியாது, அடுத்த நாலுக்குள் தாண்டிப் போய்விடும். செத்தான் என்ற சொல்லே இல்லை. பாட்டு முழுக்க அவன் வருகிறான், வந்துகொண்டே இருக்கிறான். கடைசி வரிகூட "காற்றுத் திரும்பினால்" என்று அந்தரத்தில் நிற்கும். "ரீச்சர், மிச்சப் பக்கம் கிழிஞ்சு போச்சோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

அத்தானுக்கு அதைத் தமிழில் சொன்னேன். "முடிக்கத் தெரியாதவன் எழுதினது" என்று நக்கலடித்தார்.

"தெரியாமலில்லை, அத்தான்! முடிச்சா அவளின்ரை புருசன் செத்துப்போவான்" என்று கத்தினேன். மனிசன் அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

அதே அச்சில் முருகேசுவுக்கு ஒன்று எழுதினார். பண்டிதர்மார் பார்த்தால் காறித் துப்புவார்கள். முருகேசு கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். கடைசி வரி "விடியட்டும், அதன் பிறகு" என்று நின்றது. அவன் மிச்சத்துக்குக் காத்திருந்தான். மிச்சம் இல்லை என்று விளங்கியதும் சிரித்தான். அந்தக் கிழமையே வள்ளம் இறக்கினான். அந்த அச்சைக் கொண்டுவந்து கொடுத்தவள் நான் என்று அன்றைக்கு எனக்குத்தான் பெரிய சந்தோசம்.

அடுத்த வருஷம் முருகேசு மறுபடியும் திரும்பவில்லை. இந்த முறை பலகைகூட வரவில்லை.

தங்கமுத்து ஒன்றுக்கும் சம்மதிக்கவில்லை. சாத்திரியாரைப் படலையிலேயே மறித்து அனுப்பினாள். தாலியில் யாரும் கைவைக்க விடவில்லை. அத்தான் எழுதிய அந்த முடியாத பாட்டைச் சொல்லிக்கொண்டு புருஷனுக்குச் சோறு போட்டு மூடிவைப்பாள். தொண்ணூறில் ஷெல்லடிக்கு ஓடி நாங்கள் எல்லாரும் அச்சுவேலிக்கு வந்தோம். பக்கத்து வளவில் ஒரு கொட்டில் அவளுக்கு. அங்கேயும் அவனுக்குப் பாய் விரித்தாள். ஆள் எலும்பும் தோலுமாகப் போனாள். கடைசியில் அவளே வந்தாள்.

"அண்ணை, எனக்கு ஒரு வெண்பா எழுதித் தாங்கோ."

அத்தான் மறுத்தார். "முந்தி எழுதிப் பட்டது காணாதே? அவன் வந்தா?"

"வந்தா வரட்டும். முந்தி அந்தக் கடைசிச் சொல்லிலைதான் நான் அழுதனான். இப்ப எனக்கு அழவும் ஏலாமல் கிடக்கு. வாழவும் ஏலாமல் கிடக்கு. நீங்கள்தானே திறந்து விட்டனீங்கள். பூட்டித் தாங்கோ."

அவன் புறப்பட்ட நாளையே திதியாக வைத்து அத்தான் எழுதினார். அந்தியேட்டி நடந்தது, அயலெல்லாம் கல்வெட்டுக் கொடுத்தார்கள். வெண்பாவை வாசித்து முடித்த இடத்தில் தங்கமுத்து என் தோளில் விழுந்து குழறினாள். பிறகு சோறு மூடிவைப்பதை விட்டாள், கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள், சந்தையில் கருவாடு விற்கப் போனாள்.

அத்தான்தான் தேறவில்லை. அதற்குப் பிறகு அவர் யாருக்கும் பாட்டு எழுதவில்லை. படலை கிறீச்சிட்டால் எழும்பிப் போய்ப் பார்ப்பார். சந்தைக்குள் யாரோ ஒருவனின் முதுகைப் பார்த்துத் துரத்திக்கொண்டு போய், முகத்தைக் கண்டதும் வெட்கப்பட்டுத் திரும்பி வந்தார். "ஆரைத் தேடுறியள்?" என்று அக்கா கேட்டால் எரிந்து விழுவார். பாவம் மனிசன்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் வருகிறதென்று வலிகாமச் சனம் முழுக்க எழும்பித் தென்மராட்சிப் பக்கம் ஓடியது. மழை வேறு. நாங்களும் சாமான் சட்டியோடு ரோட்டுக்கு வந்துவிட்டோம். அத்தான் சைக்கிளைத் திருப்பினார். செத்தாலும் வீட்டைவிட்டு வரமாட்டேன் என்று பிடிவாதமாகக் கிடந்த அயல்வீட்டுக் கனகரத்தினத்தின் படலைக்குப் போனார். "விசரே அத்தான் உங்களுக்கு! சனம் உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஓடுது!" என்று நான் கத்திக்கொண்டு பின்னால் போனேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"கனகரத்தினம், மயிலிட்டி முருகேசு எண்டு ஒருத்தன் தேடி வருவான். வந்தா நாங்கள் போன பக்கத்தைச் சொல்லு. அந்தக் கல்வெட்டை மட்டும் அவனுக்குக் காட்டிப்போடாதை" என்றார்.