யார் சொன்னால் சார்ஜ்?

1. முதல் கையெழுத்து

வெள்ளானூர்ப் பக்கம் இருக்கும் துணை மின்நிலையத்தில் ஷிஃப்ட் ஆபரேட்டராக நான் சேர்ந்த அன்று, எனக்கு முந்தைய ஷிஃப்ட் பார்த்தவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே பேசினார். பதிவேட்டில் ‘சார்ஜ் எடுத்துக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அவர் கேட்டைத் தாண்டிப் போனதும் அந்தக் கட்டடத்தில் நான் மட்டும்தான். ஷிஃப்ட் முடியும்வரை ஓர் ஆள்கூட உள்ளே வரவில்லை. ஃபோன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் வேலையில் சார்ஜ் என்ற சொல் இல்லாமல் பொழுது போகாது. ஷிஃப்ட் மாறும்போது ஒருவர் சார்ஜ் கொடுக்க, இன்னொருவர் எடுக்கிறார். ஃபீடர் என்பது ஊருக்குள் மின்சாரம் கொண்டுபோகும் பாதை. அதில் மின்சாரம் விடுவதும் சார்ஜ் பண்ணுவதுதான். பேட்டரி அறையில் வரிசையாக நிற்கும் பேட்டரிகளில் சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பத்தில் ஏறுவதற்கு முன் கம்பியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தை ராடு வைத்துத் தரைக்கு இறக்குவது டிஸ்சார்ஜ். பக்கத்து செக்‌ஷன் உதவிப் பொறியாளரான ஏ.இ. விடுப்பில் போனால் எங்கள் ஏ.இ. அதையும் கூடுதல் சார்ஜாகப் பார்ப்பார். தவறு செய்தால் வீட்டுக்கு வருவது சார்ஜ் மெமோ.

புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் இத்தனை வருடத்தில் யாரும் குழம்பி நான் பார்த்ததில்லை. எந்த சார்ஜ் என்பது பேசுகிறவரின் அவசரத்திலேயே தெரிந்துவிடும்.

2. குரல்கள்

கம்பத்தில் வேலை பார்க்க வேண்டுமென்றால் லைன் இன்ஸ்பெக்டர் எங்களைக் கூப்பிட்டு எல்சி, அதாவது லைன் கிளியர், வாங்க வேண்டும். நாங்கள் பிரேக்கரைத் திறந்து மின்சாரத்தை நிறுத்தி, அவர் பெயரை எழுதிக்கொள்வோம். வேலை முடிந்து, ஆட்கள் இறங்கி, ராடை எடுத்த பிறகு அவர் எல்சியைத் திருப்பித் தருவார். அப்போதுதான் சார்ஜ். எல்சி வாங்கியவர் எவரோ அவரேதான் திருப்ப வேண்டும். அவரால் முடியாமல் போனால், ஏ.இ. நேரில் வந்து ஆட்களைப் பார்த்து எண்ணிவிட்டுத் திருப்பலாம். மூன்றாவது வழி கிடையாது.

எங்கள் ஃபீடருக்கு லைன் இன்ஸ்பெக்டர் ஏகாம்பரம். சொந்த ஊரே வெள்ளானூர்தான். பல வருடங்கள் அவரைக் குரலாக மட்டுமே எனக்குத் தெரியும். எல்சி கேட்கும்போது மேலே ஏறும் ஒவ்வொருவர் பெயரையும் சொல்வார். திருப்பும்போதும் அதே வரிசையில் சொல்வார். பேச்சை முடிக்கும்முன் சாப்பிட்டேனா என்று கேட்பார். சாப்பிட்டேன் என்பேன்.

“பொய் சொல்றீங்கோ மேடம். டிபன் பாக்ஸ் தொறக்குற சத்தமே இன்னும் கேக்கலியே” என்பார்.

வீட்டில் என்னைத் தவிர யாருமில்லை. ஐயப்பன்தாங்கலில் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட ஃபிளாட். சாப்பிட்டேனா என்று கேட்பவர் அன்றைக்கு அவர் ஒருவராகத்தான் இருப்பார். இதை நான் அவரிடம் சொன்னதில்லை.

3. அந்த மத்தியானம்

கோடைக்காலம். காலையிலேயே ஏகாம்பரம் எல்சி வாங்கியிருந்தார். இரண்டு இடங்களில் வேலை. மெயின் ரோட்டில் சிலர், பின்னால் சந்துக்குள் பழனி என்ற ஒருவர். மத்தியானம் ஃபோன் வந்தது. பேசியது ஏகாம்பரம் இல்லை, அவரோடு வேலை பார்க்கும் வயர்மேன் சேகர்.

“மேடம், நம்ம எல்.ஐ. நெஞ்சப் புடிச்சிகினு ரோட்லயே உக்காந்துட்டாரு. நாங்கோ எறங்கி ஓடியாறதுக்குள்ள யாரோ ஆட்டோல போட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போய்ட்டாங்கோ. வேலை முடிஞ்சிச்சி. எல்லாரும் எறங்கிட்டோம். நீங்கோ சார்ஜ் பண்ணிடுங்கோ.”

எல்லாரும் என்றால் யார் யார் என்று கேட்டேன். மெயின் ரோட்டில் நிற்பவர்களின் பெயர்களைச் சொன்னார். பழனி எங்கே என்றேன். இறங்கியிருப்பான் என்றார். நீங்கள் பார்த்தீர்களா என்றேன். சந்துப் பக்கம் ஆளை அனுப்பியிருப்பதாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டார். கண்ணுக்குத் தெரிந்த கம்பங்களில் யாருமில்லை, ராடையும் எடுத்தாயிற்று, ஆனால் பழனியைக் காணவில்லை, அவன் ஃபோனும் எடுக்கவில்லை என்றார். அந்தச் சந்து வளைந்து வளைந்து போகும். பழனி எந்தக் கம்பத்தில் ஏறினான் என்பது ஏகாம்பரத்துக்குத்தான் தெரியும். அவர் ஃபோனில் சார்ஜ் தீர்ந்து ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருந்தது.

ஏ.இ.யைக் கூப்பிட்டேன். அவர் பூந்தமல்லியில் மெட்ரோ வேலை நடக்கும் இடத்து நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, சேகர் சொல்வது போதும், சார்ஜ் பண்ணுங்கள் என்றார். நீங்கள் வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் சார் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. மேலிருந்து அவருக்கும் ஃபோன் வந்தபடி இருந்தது. ஆனாலும் கடைசியில் குரல் மாறிவிட்டது.

“நான் இங்கேர்ந்து பறந்தா வர முடியும்? நான் சொல்றேன், பண்ணுங்க. பண்ணலேன்னா நாளைக்கு மெமோ வாங்கிக்கிறதுக்கு ரெடியா இருங்க.”

நான் பிரேக்கரைத் தொடவில்லை.

அதற்குள் கேட்டில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்ததால் நானே போய் நின்றேன். உள்ளே மட்டும் ஃபேன் ஓடுகிறது பார் என்று ஒருவர் ஜன்னலைக் காட்டினார். உண்மைதான். நிலையத்துக்கு மின்சாரம் வேறு பாதையில் வருகிறது. பில் மட்டும் தேதி தவறாமல் வருகிறது என்றார் இன்னொருவர். அவர்களை எல்லாம் சமாளித்துவிட முடிந்தது. கடைசியாக வந்த பெண்ணைத்தான் முடியவில்லை.

எதிரே இருக்கும் ஃபிளாட்டில் குடியிருப்பவர். கம்ப்யூட்டர் வேலை, திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. மாமனார் ஆக்சிஜன் மெஷினில் இருக்கிறார். மெஷின் நின்று சிலிண்டரில் ஓடுகிறது. சிலிண்டரும் தீரப்போகிறது.

“எப்போ வரும்னு மட்டும் சொல்லுங்க மேடம். அரை மணியா, ஒரு மணியா?”

எனக்குத் தெரியாது என்றேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காத்திருக்காதீர்கள் என்றேன்.

“ஒரு சுவிட்சு. உள்ள போய் ஒரே ஒரு சுவிட்சப் போட மாட்டீங்களா?”

கம்பத்தில் ஓர் ஆள் இருக்கலாம் என்றேன். இருக்கிறாரா என்று கேட்டார். அதுவும் தெரியாது என்றேன். அவர் திரும்பி ஓடினார். சற்று நேரத்தில் அந்தத் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் போகிற சத்தம் கேட்டது.

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கேட்டுக்கு வெளியே ஒருவருக்கு மூச்சு நிற்கலாம். சந்துக்குள் ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். இரண்டில் எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. யாரிடமாவது கேட்கலாமென்றால் அறையில் மீட்டர்கள் பதித்த பேனல்கள்தான் இருந்தன.

ஃபோன் அடித்தது. தெரியாத எண். ஒரு நர்ஸ் பேசினார். இங்கே ஒரு பேஷன்ட் மாத்திரை போட மாட்டேன் என்கிறார், முதலில் இந்த நம்பருக்குப் பேச வேண்டுமாம், சீக்கிரம் முடியுங்கள் என்று அலுத்துக்கொண்டார். பிறகு ஏகாம்பரத்தின் குரல். மெலிந்திருந்தது, ஆனால் அவர் குரல்தான்.

வழக்கம்போலப் பெயர்களைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு வாங்கினார். நானும் ஒவ்வொருவராக, இறங்கிவிட்டார், சேகர் பார்த்திருக்கிறார் என்று பதில் சொன்னேன். கடைசிப் பெயருக்கு முன் நிறுத்தினார்.

“பழனி மட்டும் சந்துல இருந்தான் மேடம். அவன் எறங்கினத நான் பாக்கல. அவன் இல்லாம நான் எல்சி திருப்ப மாட்டேன்.”

சேகரும் அவனைத் தேடிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். அந்தப் பக்கம் நர்ஸ் ஏதோ கேட்டார். வெளியே காரிடாரில் ஒருவர் உடம்பெல்லாம் கிரீஸோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார், அவர் உங்கள் ஆளா என்று. நாற்காலி இழுபடும் சத்தம், செருப்புச் சத்தம். பிறகு ஓர் இளைஞனின் குரல்.

“அண்ணாத்தே, நான் இங்கதான் கீறேன். உன்னைத் தூக்கி ஆட்டோல போட்டதே நான்தான்.”

ஏகாம்பரம் சிரித்தார். சிரிக்கக் கூடாது என்று நர்ஸ் அதட்டினார்.

“மேடம், எல்லாரும் எறங்கிட்டாங்கோ. எல்சி திருப்பிட்டேன். சார்ஜ் பண்ணிக்கோங்கோ.”

சார்ஜ் பண்ணினேன். எதிர் ஃபிளாட்டில் விளக்குகள் எரிந்தன. தெருவில் யாரோ கை தட்டினார்கள்.

4. அதன் பிறகு

மெமோ வந்தது. மின்சாரம் திரும்ப வருவதில் தாமதம், மேலதிகாரியின் வாய்மொழி உத்தரவை மதிக்கவில்லை என்று இரண்டு குற்றச்சாட்டுகள். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். சில மாதம் கழித்து அதைக் கைவிட்டார்கள். விதிப்படிதான் நடந்திருக்கிறது என்று ஏ.இ.யே குறிப்பு எழுதியதாகக் கேள்விப்பட்டேன்.

அந்தப் பெரியவரை நல்லவேளையாக நேரத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். குணமாகி வீட்டுக்கு வந்துவிட்டார். சாயங்காலம் அவர் மருமகள் குழந்தையோடு எங்கள் கேட்டைத் தாண்டிப் போவார். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவருடைய இடத்தில் நின்று பார்த்தால் அன்றைக்குக் கம்பத்தில் யாருமே இல்லை.

டிஸ்சார்ஜ் ஆகிச் சில வாரம் கழித்து ஏகாம்பரம் நிலையத்துக்கு வந்தார், மனைவியையும் அழைத்துக்கொண்டு. கேட்டில் நின்றவர் யாரென்று எனக்குத் தெரியவில்லை. குள்ளமாக, தலை முழுக்க நரைத்து, நான் நினைத்திருந்த உருவமே இல்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டார். அதன் பிறகுதான் தெரிந்தது.

உள்ளே வந்து உட்கார்ந்ததும், உசிரு போற நேரத்திலும் ஃபோனைக் கேட்டு நர்ஸிடம் சண்டை போட்ட மனுஷன் இவர் என்று அவர் மனைவி குறை சொன்னார். ஏகாம்பரம் பேனல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் பேசிய அறைக்குள் அவர் வருவது அதுதான் முதல் தடவை.

“கண்ணு இருட்டிகினு வர்றப்போ பழனி மேல கீறானேன்னு பயந்தேன் மேடம். எவனாவது அவசரப்பட்டு லைன் போடுன்னு சொல்லிட்டா இன்னா பண்றதுன்னு. அப்பால, இன்னிக்கு யாரு ஷிஃப்ட்டுன்னு யோசிச்சேன். உங்க ஷிஃப்ட்டு. சரின்னு கண்ண மூடிகினேன்.”

வாட்ச்மேனிடம் டீ வாங்கிவரச் சொன்னேன். அவருக்கு இப்போது அலுவலகத்தில் நாற்காலி வேலை. எங்களுக்கு ஃபோன் செய்யும் அவசியம் இல்லை. எல்சி கேட்பவர் வேறொருவர். நல்ல மனிதர், பேசியதும் வைத்துவிடுவார்.

புதிதாகச் சேரும் ஆபரேட்டர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: ஏ.இ. சொன்னால் சார்ஜ் பண்ணலாமா மேடம்? எல்சி வாங்கியவரின் குரல் வரட்டும், இல்லையென்றால் ஏ.இ. நேரில் வரட்டும் என்பேன். குரல் பழக்கமில்லையென்றால் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வையுங்கள். அதுவரை கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் நிற்பவர்களுக்குச் சொல்ல உங்களிடம் பதில் இருக்காது. அந்த நேரத்தில் உங்களை நம்பி யாராவது கண்ணை மூடியிருந்தாலும், அது உங்களுக்குத் தெரியவராது.